வழி விலகியோர் சரிதம்

உத்தியோகத்தினின்று ஓய்வு பெற்ற மனிதன், சர்க்கரை வியாதியைப் பற்றியும் சம்பளக் கமிஷனைப் பற்றியும் பேசித் தீர்த்தபின் வேறு விஷயம் அகப்படாமல், கோவில் தர்மகர்த்தாவாகவோ, ஹோமியோபதி வைத்தியனாகவோ, குடியிருப்போர் சங்கத்தின் காரியதரிசியாகவோ ஆகிவிடுவதுதான் செங்கற்பட்டில் நெடுங்காலமாக அனுஷ்டிக்கப்பட்டு வரும் சம்பிரதாயம். அந்த மூன்று ஸ்தானங்களிலும் எங்கள் தெருவில் என்னைவிட மூத்தவர்கள் ஏற்கெனவே அமர்ந்துவிட்டபடியாலும், அவர்களுடைய தேகாரோக்கியம் சமீப காலத்தில் காலியிடம் ஏற்படும் என்ற நம்பிக்கைக்குச் சிறிதும் இடமளிக்காதபடியாலும், நான் பாட்காஸ்ட் ஆரம்பித்தேன்.

பாட்காஸ்ட் இன்னதென்று அறியாத பாக்கியசாலிகள் இன்னும் சிலர் இருக்கக்கூடுமாகையால் அவர்கள் பொருட்டு ஒரு வார்த்தை. 1938-ல் சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் ஏற்பட்ட காலந்தொட்டு, ஒருவர் காற்றில் பேச வேண்டுமானால் நிலையத்தார் அவரை அழைக்க வேண்டும். பேச்சை முன்னதாக எழுதிக் காட்டிச் சம்மதம் பெற வேண்டும். கடிகார முள் குறித்த இடத்துக்கு வந்துவிட்டால், வாக்கியத்தின் பயனிலை இன்னும் வராவிட்டாலும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். பாட்காஸ்டில் இந்த நிர்ப்பந்தங்கள் ஒன்றுமில்லை. யாரும் அழைக்காமலே பேசலாம். இஷ்டமுள்ள மட்டும் பேசலாம். கேட்பதற்கு ஒருவரும் இல்லை என்பது பேச்சை நிறுத்துவதற்குப் போதிய காரணமாகக் கருதப்படுவதில்லை. சர்க்கார் ஆபீசில் ஆயுளின் பெரும்பகுதியைக் கோப்புகளில் குறிப்பெழுதியே கழித்த எனக்கு இந்தக் கடைசி அம்சம் மிகவும் பரிச்சயமானதாகத் தோன்றியது.

விஷயத்தை நிச்சயிப்பதிலும் எனக்குச் சிரமம் இருக்கவில்லை. நான் பிறந்தது செங்கற்பட்டில், படித்தது செங்கற்பட்டில், உத்தியோகம் சென்னையில்தான் என்றாலும், அதற்கென்று சீசன் டிக்கெட் எடுத்து, அதே மின்சார ரயிலில், அதே பெட்டியில், கொளவாய் ஏரி எந்தப் பக்கம் தெரியுமோ அந்தப் பக்கத்து ஜன்னலோரத்தில் அமர்ந்து போய்த் திரும்பினேனேயன்றி, வலப்புறமோ இடப்புறமோ ஓரடி விலகியவனல்லன். இப்பேர்ப்பட்டவனுக்கு, நேர்வழியை உதறிவிட்டுத் தமக்கென்று ஒரு மார்க்கத்தை வகுத்துக்கொண்ட மனிதர்களிடத்தில் உண்டாகும் ஆர்வம், சைவ போஜனக்காரன் மீன்கடை வாசலில் நின்று வஞ்சிரத்தின் விலையை விசாரிக்கிற ஆர்வத்தைப் போன்றது. 'விசித்திர மார்க்கத்தார் சரிதாமிர்தம்' என்று தலைப்பும் தயாரித்துவிட்டேன். யந்திரங்களின் பொறுப்பை ஏற்றுக்கொண்டிருந்த என் பேரன், "தாத்தா, இதை டைப் பண்ணி முடிக்கிறதுக்குள்ள ஜனங்க தூங்கிடுவாங்க" என்று ஆட்சேபித்து, 'தடம் மாறியவர்கள்' என்று திருத்தினான். அடுக்களையிலிருந்தபடியே என் சகதர்மிணி, "ரயில் விபத்துச் சேதி மாதிரி இருக்கு" என்று அபிப்பிராயம் தெரிவித்தாள். 'வழி விலகியோர்' என்பது சமரசமாக ஏற்பட்ட பெயர்.

பேரன் கைப்பேசியில் ஓர் அறிவிப்பை வெளியிட்டதுதான் தாமதம், வழி விலகியவர்களெல்லாம் எங்கள் வீட்டுக்கு வழி கேட்டுக்கொண்டு வரத் தொடங்கினார்கள். சிறுசேரியிலிருந்து ஒருவர், மறைமலை நகரிலிருந்து ஒருவர், மகிந்திரா சிட்டியிலிருந்து இன்னொருவர் என்று வந்தவர் அத்தனை பேரும் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் கைநிறையச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்து அதைத் துறந்தவர்கள். ஒருவர் மதுராந்தகத்தின் பக்கம் நிலம் வாங்கி மாப்பிள்ளைச் சம்பா பயிரிடுகிறார். ஒருவர் மரச்செக்கில் எண்ணெய் ஆட்டுகிறார். ஒருவர் நாட்டுக்கோழிகளுக்கு வீணை வாசிப்பை ஒலிபரப்பி முட்டையின் குணத்தில் அபிவிருத்தி காண்கிறார். அனைவரும் நல்லவர்கள்; அவர்கள் கொண்டுவந்து கொடுத்த அரிசியும் எண்ணெயும் முதல்தரமானவை என்பதை என் சகதர்மிணி சாட்சி சொல்வாள். ஆனால் இவர்களுடைய வாழ்க்கையில் ஒரு காலைப்பொழுது வருகிறது. அன்று படுக்கையை விட்டு எழுந்ததும், "இதற்காகவா பிறந்தோம்?" என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்கிறார்கள். அந்தக் காலைப்பொழுது அனைவருக்கும் பொதுவானதாக, ஒரே கேள்வியும் ஒரே பெருமூச்சும் கொண்டதாக இருந்தபடியால், மூன்றாமவர் அதைத் தொடங்கியபோதே பேரன் உதட்டசைவில் முடித்து வைத்தான். விலகிச் செல்லும் ஒற்றையடிப் பாதையென்று நான் நினைத்திருந்தது நெரிசல் மிகுந்த ராஜபாட்டையாக இருக்கக் கண்டேன். இருபது வருஷமாக அதே கம்பெனியில், அதே நாற்காலியில், ஒருநாள் காலையில்கூட ஒன்றும் கேட்டுக்கொள்ளாமல் வேலை பார்க்கிற எதிர்வீட்டுக்காரரைப் பேட்டி கண்டால் என்ன என்று யோசனை சொன்னேன். அது நிகழ்ச்சியின் கௌரவத்துக்கு ஏற்றதல்லவென்று பேரன் தள்ளிவிட்டான்.

ஒலிப்பதிவு என்பது தனி அவஸ்தை. நம் காதுக்குக் கேட்காத சப்தமெல்லாம் மைக்குக்குக் கேட்கிறது. பேசத் தொடங்குமுன் மின்விசிறியை நிறுத்த வேண்டும். ஜன்னலைச் சாத்த வேண்டும். எதிரொலியைத் தடுக்கச் சுவரெல்லாம் ஜமக்காளமும் ரஜாயும் தொங்கவிட வேண்டும். செங்கற்பட்டின் சித்திரை மாதத்தில், ரஜாய்களுக்கு நடுவே, மின்விசிறியில்லாமல் அமர்ந்து, சம்பளத்தைத் துறந்த விதத்தை வருணித்த அந்த இளைஞர்கள் மெய்யாகவே துறவிகள்தாம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இவ்வளவு முஸ்தீபுக்குப் பிறகும், ஒருவருடைய ஆத்ம சோதனையின் உச்ச கட்டத்தில் குக்கர் விசில் அடித்தது. இன்னொருவர் குரல் தழுதழுத்த தருணத்தில், பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று தெருவில் ஒலிபெருக்கி வந்தது. சிகாகோவில் ஸ்டட்ஸ் டெர்கெல் என்றொருவர் இருந்தார். சாதாரண ஜனங்களை அவரவர் வேலையைப் பற்றிப் பேசவைத்து 1974-ல் பெரிய புஸ்தகம் போட்டவர். டேப் ரிக்கார்டரைச் சரிவர இயக்கத் தெரியாதவர் என்று பிரசித்தி பெற்றவர். அவர் தடுமாறுவதைக் கண்டு, பேட்டி கொடுக்க வந்தவர்களே உதவி செய்து, அந்தச் சகஜத்தில் மனம் விட்டுப் பேசிவிடுவார்களாம். யந்திர ஞானமின்மையில் நான் அவருக்குச் சற்றும் இளைத்தவனல்லன். துரதிர்ஷ்டவசமாக, எனக்கு வந்தவர்களெல்லாரும் கம்ப்யூட்டர்காரர்களாகையால், மைக்கைச் சரிசெய்துவிட்டுத் தயாரித்து வந்ததையே பேசினார்கள்.

அசல் சரக்கு கடற்கரைப் பக்கம் இருக்கிறதென்பது அதன் பிறகுதான் உறைத்தது. கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரையிலுள்ள அந்தச் சாலையைப் போல விபரீத ஜாதகக்காரர்கள் அடுத்தடுத்துக் குடியேறிய நிலப்பரப்பு தமிழ்நாட்டில் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. 1943-ல் நியூயார்க்கில் பிறந்து, சிறு பையனாக இந்தியாவுக்கு வந்து, நம் குழந்தைகள் பம்பரம் விடுகிற வயதில் பாம்பு வளர்த்த ராமுலஸ் விட்டேக்கர், 1976-ல் வடநெம்மேலியில் முதலைப் பண்ணை நிறுவினார். பத்மஸ்ரீ விருதும் பெற்றார். ஆனால் தம் சரிதத்தைத் தாமே புஸ்தகமாக எழுதத் தொடங்கிவிட்டபடியால் எனக்கென்று ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. காரைக்குடியில் கணிதம் படித்துவிட்டு உளியைப் பிடித்த கணபதி ஸ்தபதி, மாமல்லபுரத்தில் 1957-ல் தொடங்கப்பட்ட சிற்பப் பள்ளியைப் பல்லாண்டு நடத்தி, 2000-ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதி கன்னியாகுமரிக் கடலில் 133 அடி வள்ளுவரை நிறுத்திக் காட்டியவர், 2011-ல் காலமாகிவிட்டார்.

எல்லாரிலும் என்னைப் பிரமிக்க வைத்தவர்கள் இருளர்களே. வயலில் எலியும் புற்றில் பாம்பும் இருக்குமிடத்தைத் தடயம் பார்த்தே சொல்லக்கூடிய இந்த ஜனங்கள், ஒரு காலத்தில் பாம்புத் தோல் வியாபாரிகளுக்குப் பாம்பு பிடித்துக் கொடுத்து ஜீவித்து வந்தார்கள். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதைத் தொடர்ந்து தோல் ஏற்றுமதித் தடையும் வரவே, பரம்பரைத் தொழில் திடீரென்று குற்றமாகிவிட்டது. தோலுக்குப் பதிலாக விஷத்தை எடுத்து விற்கலாமென்ற யோசனை பிறந்து, 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து வந்து, துணியால் வாய் கட்டிய மண்பானைகளில் சில வாரங்கள் வைத்திருந்து, இடையிடையே விஷத்தைக் கறந்து, வயிற்றுச் செதிளில் அடையாளமிட்டு மறுபடியும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். விஷமுறி மருந்துக்கு மூலப்பொருள் அந்த விஷம். சங்கமென்றால் உறுப்பினர் பதிவேடு உண்டு, தீர்மானப் புஸ்தகம் உண்டு, தணிக்கை உண்டு; கட்டு விரியனைக் கையாளத் தெரிந்தவர்கள் தணிக்கையாளரையும் சமாளிக்கக் கற்றுக்கொண்டார்கள். இவர்களில் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இருவரை 2017-ல் அமெரிக்காவில் புளோரிடா மாகாணத்துக்கு வரவழைத்தார்கள். அங்கே பர்மிய மலைப்பாம்புகள் பெருகிச் சதுப்பு நிலத்துப் பிராணிகளையெல்லாம் விழுங்கி வந்தன. நம்மவர்கள் போன முதல் எட்டு நாளில் 13 மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. உலகப் பத்திரிகைகளெல்லாம் பேட்டி கண்டு தீர்த்த பெரியவர்களை நானும் போய்த் தொந்தரவு செய்வானேன் என்று, விருது ஒன்றும் வாங்காத ஓர் இருளப் பெரியவரைத் திருக்கழுக்குன்றத்துக்கு அப்பால் ஒரு குடியிருப்பில் தேடிப் பிடித்தேன்.

வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக் கொடுத்து அவர் தரையில் அமர்ந்தார். நானும் தரையில் அமரவே, கட்டில் மைக்குக்கு ஆசனமாயிற்று. பாம்பு பிடிக்கிற சாகசத்தை அவர் வாயால் கேட்பதற்காகக் கேள்விகளை வரிசையாக எழுதிக்கொண்டு போயிருந்தேன்.

"பாம்பைப் பிடிக்கும்போது எப்படி இருக்கும், பெரியவரே?"

"இன்னா சார் இருக்கும்? நல்லது சுலுவு. கண்ணாடி விரியன்தான் கொஞ்சம் கோவக்காரன். பொழுதோட போனா அம்புடும்."

அவ்வளவுதான். என் பட்டியலிலிருந்த கேள்விகள் அத்தனைக்கும் இதுவே விடையாகிவிட்டது. விஷம் ஏறிய அனுபவம் உண்டா என்றேன். ஒரு விரலின் நுனி இல்லாமற்போயிருந்ததைக் காட்டிவிட்டுக் கையை மடக்கிக்கொண்டார். சரி, கிளம்பலாம் என்று பேரன் கண்ஜாடை காட்டிய சமயத்தில், பேச்சுவாக்கில், அவருடைய பேத்தி என்ன படிக்கிறாள் என்று விசாரித்தேன். பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பேத்தி பத்தாம் வகுப்புத் தேறிவிட்டாள். மேலே படிக்க ஜாதிச் சான்றிதழ் வேண்டும். அதற்காக ஓர் அலுவலகத்துக்கு அவர் நடந்த வரலாற்றை, எந்தப் பஸ், எந்த ஜன்னல், எந்த மேஜையில் எவர் இல்லை, எவர் வந்து எவரைப் பார்க்கச் சொன்னார் என்பதாக, தடயம் பிசகாமல், நிழல் மரத்தின் மறுபக்கம் போகிற வரையில் சொன்னார். முன்னதாக உன் அப்பனுக்குச் சான்றிதழ் இருந்ததா என்று கேட்டார்களாம். "எங்க அப்பனுக்குப் பள்ளிக்கூடமே இல்லீங்களே, சார்ட்டிபிகேட் எதுக்கு?" என்றாராம். பின்பு ஒருவர், நீ இருளர்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்றாராம். "பாம்பு புடிச்சாந்து காட்டட்டுமான்னு கேட்டேன் சார். எந்தப் பாம்பு வேணும்னும் கேட்டேன். வேணாம்னுட்டாங்க." இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. அப்படிப்பட்ட மேஜையொன்றின் பின்னால் அமர்ந்துதான் நானும் பென்ஷன் சம்பாதித்தேன் என்ற விவரத்தை நான் பிரஸ்தாபிக்கவில்லை. தனக்குத் தெரியுமென்ற தோரணையில் பேரன் என் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

மாமல்லபுரத்தில் எனக்கு அகப்பட்ட சிற்பி, பஸ் கண்டக்டரின் பிள்ளை. கல்தச்சர் வம்சத்தில் பிறக்காமல் கல்லுக்கு வந்தவரென்பதால் என் நிகழ்ச்சிக்கு மிகவும் உகந்தவர். ஆனால் இப்போதெல்லாம் சிற்பக்கூடங்களில் உளிக்கு முன்னால் கல் அறுக்கும் கட்டரும் கிரைண்டரும் வேலை செய்கின்றன. அவர் சொன்னதில் பாதியை அந்த யந்திரங்களும், மீதியை மேலே படிந்த வெண்தூசியும் மறைத்துவிட்டன. ஒன்று மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது. சிலைக்குக் கல் தேர்ந்தெடுக்கும்போது சுத்தியால் தட்டி நாதம் கேட்பார்கள்: கணகணவென்று மணியோசை எழுந்தால் ஆண் கல், தாளம்போல மென்மையாக ஒலித்தால் பெண் கல், ஓசையே எழும்பாதது விக்கிரகத்துக்கு உதவாத கல். பேரன் என்னைச் "சவுண்ட் செக், ஒன்னு, ரெண்டு, மூணு" என்று சொல்லச் சொன்னான், சொன்னேன். சிற்பி சற்று நேரம் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "சார் குரல் படிக்கட்டுக்கு ஆவும்" என்றார். விக்கிரகங்களுக்குக் கடைசியாகக் கண் திறக்கிற நாளில் தாம் எவரோடும் பேசுவதில்லையென்றும், அன்று வந்தால் சப்தமில்லாமல் பதிவு செய்யலாமென்றும் மரியாதையாக அழைத்தார்.

கோவளத்து இளைஞன் விஷயம் நேர்மாறானது. கோவளத்தில் மீனவப் பிள்ளைகள் அலைச்சறுக்கில் தேர்ந்து, மூர்த்தி மேகவன் என்ற மீனவரை முன்னிறுத்தி 2012-ல் பள்ளிக்கூடமே தொடங்கிவிட்டார்கள். 2023-ல் மாமல்லபுரத்தில் சர்வதேசப் போட்டியும் நடந்தது. நான் சந்தித்தவன் அவர்களைப் பின்பற்றி வந்த பையன். மைக்கைக் கண்டதும், "சார், ரெண்டு நிமிஷமா, இருபது நிமிஷமா?" என்று கேட்டான். இரண்டும் தயாராக வைத்திருந்தான், இங்கிலீஷிலும் உண்டு. பக்கத்தில் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்த அவனுடைய ஆயா, "அவன் அப்பன் கட்டுமரத்து மேல நின்னுக்கினுதான் இருவது வருசம் கடலுக்குப் போனான். ஒருத்தன் மைக் எடுத்துக்கினு வரல" என்று சொல்லிவிட்டு, மழைக்கு முன் கருவாட்டை வாரிப் போட எங்கள் இருவரையும் ஏவினாள். நான் வாரினேன். பேரன் அதையும் பதிவு செய்தான்.

இந்தச் சஞ்சாரங்களுக்குப் பிறகு வீட்டில் அமர்ந்து ஒலிப்பதிவுகளைக் கேட்டுப் பார்த்தபோது, பேசத் தெரிந்தவர்களிடத்தில் கதை இல்லை, கதை உள்ளவர்களிடத்தில் பேச்சு இல்லை என்ற சங்கடம் ஊர்ஜிதமாயிற்று. மனம் தளர்ந்திருந்த அச்சமயத்தில்தான் சேக்கிழார் நினைவுக்கு வந்தார். பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த குன்றத்தூர்க்காரர் அவர். 2019-ல் ஜில்லாவைப் பிரித்தபோது காஞ்சிபுரத்தார் பங்குக்குப் போய்விட்டாலும், நாங்கள் உரிமையை விட்டுக்கொடுப்பதாயில்லை. அவரும் என்னைப்போல் உத்தியோகஸ்தர். சோழனிடத்தில் மந்திரி என்பது சிறு வித்தியாசம். வழி விலகிய அறுபத்து மூவருடைய சரிதத்தை நாலாயிரத்துக்கு மேற்பட்ட பாட்டுக்களில் பாடினாரே, அதைவிடப் பெரிய பேட்டித் தொடர் நம் பாஷையில் உண்டா? சுந்தரர் பதினொரு பாட்டில் விருந்தினர் ஜாபிதாவைத் தயாரித்தார். நம்பியாண்டார் நம்பி ஆளுக்கொரு குறிப்பெழுதினார். சேக்கிழார் முழு நிகழ்ச்சி நடத்தினார். ஜாபிதாவில் இருந்தவர்களைப் பாருங்கள். திருவேற்காட்டு மூர்க்கர், சூதாடிச் சம்பாதித்த பொருளில் அடியார்களுக்கு அன்னமிட்டவர், ஆட்டத்தில் மோசம் செய்தவனைக் கத்தியால் குத்தியவர். திருநின்றவூர்ப் பூசலார், செங்கல் ஒன்றுகூட வாங்காமல் மனத்துக்குள்ளேயே கோவில் கட்டிக் கும்பாபிஷேகத்துக்கு நாளும் குறித்தவர். சாக்கியர், பௌத்த வேஷத்தைக் கலைக்காமலே நாள்தோறும் லிங்கத்தின்மேல் கல்லெறிந்து பூசை செய்தவர். எல்லாருக்கும் மேலாக மயிலாப்பூர் வாயிலார், மௌனமாக உள்ளத்திலேயே வழிபட்டு முடித்தவர். பாட்காஸ்ட்காரனுக்கு இப்படி ஒரு விருந்தினர் வாய்த்தால் விஷம் குடிப்பான். சேக்கிழார் அவருக்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்கினார்.

அறுபத்து மூவரும் அவருக்கு முன்னே சிவபதம் அடைந்துவிட்டவர்கள். ஒருவரையும் எதிரில் உட்கார வைத்துக் கேள்வி கேட்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. அதனால் ஊர் ஊராக அலைந்து விசாரித்திருக்க வேண்டும் என்பார்கள் ஆராய்ச்சியாளர். கேட்கப்படுகிறவன் வாயாடியாக இருக்க வேண்டுமென்ற அவசியமில்லை, கேட்கிறவன் நடக்க வேண்டும் என்பதே என் தீர்மானமான அபிப்பிராயம். பேரனுக்கு இதில் பெட்ரோல் செலவைக் குறித்து மட்டும் மாறுபாடு உண்டு. கேள்விப் பட்டியலைக் கிழித்தெறிந்தேன். இருளப் பெரியவரின் பேச்சை, நாய் குரைத்தது உட்பட, வெட்டாமல் வெளியிட்டோம். 'பாம்பே வரவில்லையே' என்று ஒரு நேயர் புகார் எழுதினார். சிற்பி கண் திறக்கிற நாளுக்காகக் காத்திருக்கிறோம்.

வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் ஊரில் வழி விலகிய மனிதர் எவரேனும் இருந்து, அதைப் பற்றி அவர் ஒருவரிடமும் பேசியறியாதவராக இருந்தால் எனக்குத் தெரிவியுங்கள், வந்து சேருகிறேன். கம்ப்யூட்டர் உத்தியோகத்தை விட்டவர்கள் மன்னிக்க வேண்டும், அடுத்த பொங்கல் வரையில் இடமில்லை. ஆனால் அரிசி அனுப்புவதற்குத் தடையொன்றுமில்லை. பெரியவருடைய பேத்திக்குச் சான்றிதழ் இன்னும் வரவில்லை. சம்பந்தப்பட்ட அதிகாரி எவரேனும் இதைப் படிக்க நேர்ந்தால், எந்தப் பாம்பு வேண்டுமென்று சொல்லியனுப்பலாம். பெரியவர் சித்தமாக இருக்கிறார்.